டிராக் டேக்கு டயர்: ட்ரெட்வேர் 200 எடுக்கலாமா, நேரா 100-க்கே போயிடலாமா?

மார்ச் 3, இரவு 9.40 | வெளிஓரம்
முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக், 1,250 கிலோ. டயர் 225/45 ஆர்17, ரிம் அகலம் 7.5 இன்ச். இப்ப ஓடுறது சாதாரண ரோடு டயர், ட்ரெட்வேர் (டயர் பக்கவாட்டுல அச்சடிச்ச எண்) 340. பந்தயப் பாதையில நாலாவது சுற்றுலயே முன்பக்கம் வழுக்குது, ஸ்டியரிங்கை ஒடிச்சாலும் கார் நேராத்தான் போகுது. இடது முன் டயரோட வெளி ஓரத்துல நூல் தெரியுது. உள் ஓரத்துல 5 மி.மீ. உயர ரப்பர் பட்டன் அப்படியே நிக்குது. எண் குறையக் குறையப் பிடிப்பு கூடும்னா 200-ஐத் தாண்டி 100 எடுத்துடலாம்தானே? ரிம்மை மாத்தாம 245 மி.மீ. அகல டயர் போடவும் யோசனை. ஒரு நாளைக்கு 20 நிமிஷ செஷன் அஞ்சு. அதே டயர்லதான் ஓட்டிட்டுப் போகணும், வரணும்.

மார்ச் 3, இரவு 10.25 | பிட்சுவர்
பதில் உங்க கேள்விக்குள்ளயே இருக்கு. வெளியில நூல், உள்ள 5 மி.மீ. டயரைக் குறை சொல்ல இதுல ஒண்ணுமில்ல, கேம்பர் (சக்கரத்தோட சாய்வு, மேல்பக்கம் உள்ள சாஞ்சா மைனஸ்) பத்தல. எந்த டயரைப் போட்டாலும் அதே ஓரம்தான் தேயும். பிடிப்பு கூடின டயர்னா பாடி இன்னும் சாயும், இன்னும் சீக்கிரம் தேயும். முன்பக்க கேம்பர் எவ்வளவு? அலைன்மென்ட் ரிப்போர்ட் இருந்தா எண்ணைப் போடுங்க.

மார்ச் 3, இரவு 10.50 | பிட்சுவர்
ட்ரெட்வேர் எண் பத்தித் தனியா. அது பிடிப்போட அளவு இல்ல, தேய்மானத்தோட அளவு. யூடிக்யூஜிங்கிற அமெரிக்க டயர் தர முறைப்படி ஒப்பீட்டு டயரோட சேர்த்து 7,200 மைல் ரோட்டுல ஓட்டித் தேய்மானத்தைப் பார்ப்பாங்க. கடைசியில எண்ணை அச்சடிக்கிறது டயர் கம்பெனியேதான். ரெண்டு கம்பெனியோட 200-ஐப் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டா ஒண்ணும் தெரியாது. நிறைய போட்டி விதிகள் 200-க்குக் கீழ வேண்டாம்னு சொல்லுது, அதனால சரியா 200-னு அச்சடிச்சே டயர் வருது. ஹேன்கூக் ஆர்எஸ்4, யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் மூணுமே 200தான். மூணும் ஒரே சாதின்னு நெனச்சு வாங்கினா ஏமாந்துடுவீங்க.

பக்கத்துல இருக்கிற "ஏஏ", "ஏ" எழுத்தும் உதவாது. அது நனைஞ்ச ரோட்டுல நேர்கோட்டு பிரேக்குக்கான தரம். வளைவுல எப்படி நிக்கும்னு அதுல இல்ல.

மார்ச் 4, காலை 7.15 | வெளிஓரம்
முன்பக்கம் ரெண்டும் -0.8 டிகிரி. ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்குற) சஸ்பென்ஷன். கம்பெனி செட்டிங், எதுவும் மாத்தல.

மார்ச் 4, காலை 8.05 | மொட்டைடயர்
-0.8-ல 100 ட்ரெட்வேர் டயரா? அதுக்குப் பதிலா அந்த ரூபாய் நோட்டையே வெளி ஓரத்துல ஒட்டி ஓட்டலாம், அதே வேகத்துலதான் கரையும்.

மார்ச் 4, இரவு 9.10 | பிட்சுவர்
மொட்டை கிண்டல் பண்ணினாலும் விஷயம் அதுதான். ஸ்ட்ரட் வண்டியில பாடி சாயும்போது வெளிச்சக்கரமும் கூடவே வெளிப்பக்கம் சாயுது. நிக்கும்போது -0.8 இருந்தது வளைவு நடுவுல தரைக்கு பிளஸ் பக்கம் போயிடும். ட்ரெட் முழுக்கத் தரையில உட்காராம ஒரு கை அகலம் மட்டும் உட்காருது. அந்த ஒரு கை அகலம் கொதிச்சுத்தான் நாலாவது சுற்றுல வழுக்குது.

முன்பக்கம் -2.5 முதல் -3 வரைக்கும் வேணும். வழி மூணு. கேம்பர் போல்ட்: ஸ்ட்ரட் அடியில இருக்கிற ரெண்டு போல்ட்ல ஒண்ணை எக்சென்ட்ரிக் (மையம் விலகின) போல்ட்டா மாத்துறது. சுமார் ஒண்ணேகால் முதல் ஒண்ணேமுக்கால் டிகிரி கிடைக்கும், செலவும் குறைவு. ஆனா அந்த போல்ட் ஒல்லியா இருக்கும். சொன்ன டார்க்ல (இறுக்கத்தோட அளவு) இறுக்கலைன்னா பாதை ஓரக் கெர்ப்ல ஏறினதும் நழுவிடும். ரெண்டாவது, ஸ்ட்ரட்டோட மேல்நுனியை உள்ள தள்ளி மாட்டுற கேம்பர் பிளேட். அளவு தாராளமாக் கிடைக்கும், ரோட்டுல கொஞ்சம் சத்தமும் வரும். மூணாவது ரெண்டையும் சேர்த்துப் போடுறது.

எதை மாத்தினாலும் டோ (மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கிற கோணம்) மாறிடும், மறுபடி அலைன்மென்ட் பார்த்தே ஆகணும். டோவை ஜீரோவுலயோ, துளி வெளிப்பக்கமோ வைங்க. "நெகட்டிவ் கேம்பர் ரோட்டுல உள் ஓரத்தைத் தின்னுடும்"னு பயமுறுத்துவாங்க. பாதிக்கு மேல அந்தத் தேய்மானம் தப்பான டோவால வர்றது.

மார்ச் 4, இரவு 9.35 | காத்துகேஜ்
245 பற்றி யாரும் பேசவில்லை. 7.5 இன்ச் ரிம்மில் 245/40 ஆர்17 போடக் கூடாது. அந்த அளவுக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் 8 முதல் 9.5 இன்ச் வரை. 225/45-க்கு 7 முதல் 8.5 வரை. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) உள்பக்கம் வளைந்து பல்பு மாதிரி நிற்கும். ஸ்டியரிங் திருப்பியதும் முதலில் சைடுவால் சாயும், பிறகுதான் ட்ரெட்டுக்குச் செய்தி போகும். ட்ரெட்டின் நடு புடைத்து ஓரங்கள் தூக்கிக்கொள்வதால் தரையில் படும் பரப்பும் நினைத்த அளவு கூடாது.

235/45 ஆர்17 என்றால் 7.5 ரிம்மில் விதிப்படி நிற்கும், ஆனால் அதுதான் கீழ் எல்லை. விட்டம் 634-இலிருந்து 643 மி.மீ. ஆகும். கியர் கொஞ்சம் நீண்டுபோகும், பாடியும் உயரும். லாபம் குறைவு.

உண்மையிலேயே 245 வேண்டுமானால் முதலில் 8.5 இன்ச் ரிம். ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதை மாட்டும் முகம் தள்ளி நிற்கும் அளவு) அதே எண்ணாக இருந்தால் உள்ளே 12.7 மி.மீ., வெளியே 12.7 மி.மீ. கூடும். ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே இப்போது எத்தனை மி.மீ. இடைவெளி என்று சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையாத வண்டிகளே அதிகம்.

மார்ச் 5, காலை 6.50 | வெளிஓரம்
விரல் போகுது, ஆனா சிக்குது. 245-ஐ விட்டுட்டேன். கேம்பர் போல்ட், பிளேட் ரெண்டும் சேர்த்து -2.6 வரைக்கும் கொண்டு வந்துடலாம்னு மெக்கானிக் சொல்றார். இப்ப டயர் சொல்லுங்க.

மார்ச் 5, இரவு 10.00 | பிட்சுவர்
செஷன் நீளத்தை வெச்சுத்தான் தேர்வு. 20 நிமிஷம்னா 8-10 சுற்று விடாம ஓடும்.

ஏ052, ஆர்இ-71ஆர்எஸ் மாதிரி டயருங்க சட்டுனு சூடாகும். முதல் ரெண்டு மூணு சுற்றுல அள்ளிக் கொடுக்கும். நேரப் பந்தயத்துக்கும், ஒத்தைச் சுற்று டைமுக்கும் செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும். விடாம அடிச்சா, அதுவும் முன்சக்கர டிரைவ்ல முன் டயரே இழுத்து, முன் டயரே திரும்பி, முன் டயரே பிரேக்கும் போடும்போது, சூடு எல்லை தாண்டி எண்ணெய் தடவின மாதிரி ஆயிடும். ரெண்டு சுற்று ஆறவிட்டா திரும்ப வரும். அந்தப் பொறுமை இருக்கா?

ஆர்எஸ்4 நேர் எதிர். முதல் சுற்றுல மரக்கட்டை. ரெண்டாவது, மூணாவது சுற்றுல முழிச்சுக்கும். அதுக்கப்புறம் அதே பிடிப்பைக் கடைசி வரைக்கும் தரும், சீக்கிரம் தேயாது. நீண்ட ஓட்டப் பந்தயக்காரங்க அதைத் தேடிப் போறது அதுக்குத்தான். உச்ச பிடிப்பு கொஞ்சம் குறைவு. ஆனா கத்துக்கிற கட்டத்துல ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி இருந்தாத்தான் தப்பு டயரோடதா, கையோடதான்னு தெரியும்.

100 பக்கம் டோயோ ஆர்888ஆர் மாதிரி. சூடாகணும், சூடானா நல்லா நிக்கும். ஆனா நீங்க அதே டயர்ல வீட்டுக்குப் போகணும். பள்ளம் குறைவு, தேங்கின தண்ணியில படகாயிடும். சின்னக் கல்லையெல்லாம் பொறுக்கி வீல் ஆர்ச்சுல எறியும்.

225/45 ஆர்17-ல ஆர்எஸ்4 வகை. என் ஓட்டு அதுக்கு.

மார்ச் 5, இரவு 10.20 | மொட்டைடயர்
மழையில பாதித் தேஞ்ச 200-உம் படகுதான். ரோடு டயர் புதுசுல 8 மி.மீ. பட்டனோட வரும், இந்த வகை அதைவிடக் கம்மியாவே வரும். பாதி தேஞ்சதும் ரோட்டுக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது. வானம் இருட்டினா 100-ஐத் தாண்டாதீங்க, அது ட்ரெட்வேர் இல்ல, வேகம்.

மார்ச் 5, இரவு 10.45 | பிட்சுவர்
80-ஐயே தாண்டாதீங்க. தேங்கின தண்ணின்னா இன்னும் கீழ.

மார்ச் 6, காலை 7.30 | காத்துகேஜ்
டயர் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை. சைடுவாலில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு டயரும் அடுத்தடுத்த வாரங்களில் இருப்பது நல்லது. நான்கு வருடம் கிடங்கில் கிடந்த ரப்பர் பார்வைக்குப் புதிது, தொட்டால் கெட்டி. சுமை எண் கதவு ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே போகக் கூடாது: 91 என்றால் டயருக்கு 615 கிலோ, 94 என்றால் 670. வேக எழுத்து டபிள்யூ 270 கி.மீ., ஒய் 300 கி.மீ.

பெயர் ஒன்றாக இருந்தாலும் டயர் ஒன்றல்ல. மிஷ்லின் கப் 2 போன்றவற்றில் ஒரு நட்சத்திரம், "எம்ஓ", "என்0" என்று குறி இருந்தால் அது பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், போர்ஷுக்காகத் தனியாகச் செய்தது. ரப்பர் கலவையும் உள்கட்டும் வேறாக இருக்கலாம். பழைய கையிருப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி கலந்து போடாதீர்கள்.

மார்ச் 6, இரவு 8.40 | வெளிஓரம்
காற்று? பழைய டயருக்கு எப்பவும் 33 அடிச்சிட்டுப் போவேன்.

மார்ச் 6, இரவு 9.30 | பிட்சுவர்
குளிர்ந்தப்ப 33-னா டிராக்ல 41-க்குப் போயிடும். எப்பவும் சூடான அளவை வெச்சுப் பேசுங்க. உங்க வண்டிக்கு சூடா இருக்கும்போது 34-ல ஆரம்பிங்க.

மார்ச் 6, இரவு 10.10 | காத்துகேஜ்
கணக்கு இதுதான். கேஜ் காட்டும் எண்ணோடு 14.7 கூட்டுங்கள், வெப்பநிலையோடு 273 கூட்டுங்கள், விகிதம் போடுங்கள். 20 டிகிரியில் 28 பிஎஸ்ஐ வைத்தால், உள்காற்று 75 டிகிரி ஆகும்போது 36. சூட்டில் 34 வேண்டுமானால் குளிரில் 26.3.

காலை 15 டிகிரியில் 28 அடித்த டயர், வெயிலில் 35 டிகிரி ஆனாலே 31 காட்டும். வண்டி ஒரு அடி நகரவில்லை. ஒருபக்கம் மட்டும் வெயில் பட நிறுத்தியிருந்தால் இடதும் வலதும் வேறுவேறு எண் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் அடுத்த செஷனில் ஒருபக்கம் குறைந்து நிற்கும்.

மார்ச் 7, காலை 6.20 | பிட்சுவர்
நேத்து 34-னு சொன்னதைத் திருத்துறேன். அது -3 கேம்பர் வண்டிக்குச் சரி. கேம்பர் குறைஞ்ச ஸ்ட்ரட் வண்டியில 34-க்கு இறக்கினா டயர் மடிஞ்சு சைடுவாலே தரையைத் தொடும். -0.8-ல இருக்கிற வரைக்கும் சூட்டில் 38-க்குக் கீழ வேண்டாம். -2.6 வந்ததும் 36-ல ஆரம்பிச்சு அரை அரை பிஎஸ்ஐயா இறக்குங்க.

எதுவரை இறக்கலாம்? சாக்பீஸ் எடுத்து ட்ரெட்ல இருந்து சைடுவால் வரைக்கும் ஒரு கோடு, டயருக்கு மூணு இடத்துல. ஓட்டிட்டு வந்து பாருங்க. ட்ரெட்டும் சைடுவாலும் சேர்ற ஷோல்டர்ல, பல டயர்கள்ல குட்டி முக்கோணக் குறி இருக்கும். கோடு அந்த முக்கோண நுனி வரைக்கும் அழிஞ்சிருந்தா சரி. தாண்டி அழிஞ்சிருந்தா காற்று கம்மி. ட்ரெட் விளிம்புலயே நின்னா காற்று ஜாஸ்தி.

மார்ச் 15, மாலை 6.30 | வெளிஓரம்
பழைய டயர் ஸ்பேர் செட்லயே -2.6 வெச்சு ஒரு நாள் பார்த்தேன், புது டயர் இன்னும் மாட்டல. இடது முன்பக்கம், ஊசி பைரோமீட்டர் (ரப்பர்ல குத்திச் சூடு அளக்கிற கருவி): உள்ள 72, நடு 90, வெளி 97. காற்று 41. பிட்டுக்குள்ள (பாதை ஓரத்துல வண்டி நிறுத்துற இடம்) வந்து நின்னு, ஹெல்மெட் கழட்டி, தண்ணி குடிச்சிட்டு அளந்தேன்.

மார்ச் 15, இரவு 7.05 | மொட்டைடயர்
தண்ணி குடிச்சீங்களா, டிபனே முடிச்சீங்களா?

மார்ச் 15, இரவு 9.20 | பிட்சுவர்
அளவு தாமதம்தான். கூலிங் சுற்று (வண்டியை ஆறவிடற மெதுவான கடைசிச் சுற்று) ஓட்டிட்டு வந்தா ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசம் கரைஞ்சுடும். அளக்கிற செஷன்ல மட்டும் கூலிங் சுற்றைச் சுருக்கி வேகமா உள்ள வாங்க, ஆனா பிரேக்கை ஆறவிடணும், ஹேண்ட்பிரேக் இழுக்கவே கூடாது. பக்கத்துல ஒருத்தர் ஊசியோட தயாரா நிக்கணும். ஊசி ரப்பருக்குள்ள ரெண்டு மி.மீ. இறங்கணும். துப்பாக்கி மாதிரி நீட்டுற இன்ஃப்ராரெட் மேல்தோலை மட்டும்தான் காட்டும், அது பிட் லேன்லயே ஆறிடும்.

ஆனாலும் இந்த எண்ணுலயே செய்தி இருக்கு. உள், வெளி சராசரி 84.5. நடு 90, அதாவது அஞ்சரை டிகிரி மேல. காற்று ஜாஸ்தி. வெளி உள்ளைவிட 25 மேல. கேம்பர் இன்னும் பத்தாம இருக்கலாம், ஆனா முதல்ல காற்று அடங்கட்டும், பிறகு பார்ப்போம். இலக்கு: உள் ஓரம் வெளியைவிட 5-10 டிகிரி சூடா இருக்கணும், நடு ரெண்டுக்கும் இடையில நிக்கணும்.

மார்ச் 15, இரவு 9.45 | காத்துகேஜ்
ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காற்றை 36-க்குக் கொண்டுவந்து மறுபடி அளங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மார்ச் 23, இரவு 8.00 | வெளிஓரம்
36-ல உள்ள 81, நடு 86, வெளி 93. கேம்பர் பிளேட்டை இன்னும் உள்ள தள்ளி -3.1 ஆக்கிட்டேன், டோ ஜீரோ. ஆர்எஸ்4 வந்தாச்சு. பழைய டயர்ல வலது முன்பக்கம் நல்லா இருக்கு. ரிம்மை விட்டுக் கழட்டி உள்வெளி திருப்பி மாட்டினா இன்னும் ஒரு நாள் ஓட்டலாமா?

மார்ச் 23, இரவு 8.25 | மொட்டைடயர்
தாராளமா. இடது வலதை மாத்துங்க, முடிஞ்சுது.

மார்ச் 23, இரவு 8.50 | பிட்சுவர்
முடியல. ரிம்மோட இடது வலது மாத்தினா தேஞ்ச ஓரம் மறுபடி வெளியிலதான் இருக்கும். டயர்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. அம்புக்குறி போட்ட டயர்னா, இடது ரிம்ல இருந்து கழட்டி வலது ரிம்ல மாட்டினா அம்பு திசை கெடாம தேஞ்ச ஓரம் உள்ள போயிடும். "அவுட்சைட்"னு எழுதியிருந்தா திருப்பக் கூடாது. ரெண்டுமே இல்லைன்னா அதே ரிம்லயே திருப்பலாம். நூல் தெரிஞ்ச டயரை மட்டும் எந்தப் பக்கமும் திருப்பாதீங்க, குப்பைக்கு. ஒட்டுப் போட்ட டயரும் டிராக்குக்கு வேண்டாம்.

மார்ச் 24, இரவு 10.15 | பிட்சுவர்
புது டயருக்கு முதல் நாள் முறை. அச்சுல இருந்து வந்த வழவழப்பு போற வரைக்கும் ரோட்டுல 100-150 கி.மீ. சாதுவா ஓட்டுங்க. டிராக்ல முதல் செஷனை முக்கால் வேகத்துல, சுற்றுக்குச் சுற்று ஏத்தி முடிச்சு, முழுசா ஆறவிடுங்க. நேரம் இருந்தா ஒரு நாள் விடுங்க. முழு உயரப் பட்டனைப் பச்சையாவே முறுக்கி அடிச்சா பட்டன் ஆடி, உள்ள சூடேறி, விளிம்பு துண்டு துண்டாப் பிய்யும். ஒரு தடவை பிய்ஞ்சா அது கடைசி வரைக்கும் பிய்யும்.

முதல் செஷன் முடிஞ்சு ரிம் ஆறினதும் வீல் நட்டை டார்க் ரெஞ்ச்ல மறுபடி பாருங்க. கையேட்டு அளவுதான், "இன்னும் ஒரு கால் சுற்று" வேண்டாம்.

பிடிப்பு கூடினா அடுத்த பலவீனம் வெளிய வரும். பிரேக்கை இன்னும் தாமதமா, இன்னும் பலமா மிதிப்பீங்க. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரியில கொதிக்கும், ஈரம் ஏறினா 155. ரெண்டு வருஷப் பழைய ஆயிலோட புது டயர் போட்டா பெடல் தரைக்குப் போகும். இன்ஜின் ஆயில் மேல் குறி வரைக்கும் இருக்கட்டும். நீளமான வளைவுல ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்ச வாய்ப்பிருக்கு.

மார்ச் 24, இரவு 10.40 | காத்துகேஜ்
வீட்டுக்குக் கிளம்பும் முன் காற்றை ஏற்றுங்கள். சூட்டில் 36 என்று இறக்கி வைத்த டயர் 15 டிகிரிக்கு ஆறினால் 27. நெடுஞ்சாலையில் ஆள், சாமான், ஸ்டெப்னி, கூலர் பெட்டியோடு 27 போதாது. கதவு ஸ்டிக்கர் அளவுக்கு அடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மார்ச் 30, இரவு 7.45 | வெளிஓரம்
ஆர்எஸ்4, -3.1, சூட்டில் 35.5: உள்ள 92, நடு 89, வெளி 86. அஞ்சு செஷனும் ஒரே மாதிரி. ஆனா நாலாவது செஷன்ல இருந்து 110-க்கு மேல ஸ்டியரிங் நடுங்குது. பேலன்ஸ் புதுசு. ஈயக் கட்டி எல்லாம் இருக்கு.

மார்ச் 30, இரவு 8.10 | பிட்சுவர்
ரிம்லயும் டயர்லயும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டீங்களா?

மார்ச் 30, இரவு 8.15 | வெளிஓரம்
வால்வுக்கு நேரா வெள்ளைக் கோடு போட்டிருந்தேன். இப்ப பார்த்தா இடது முன்பக்கம் டயர் கோடு ரிம் கோட்டுல இருந்து நாலு விரல் தள்ளி நிக்குது.

மார்ச் 30, இரவு 8.30 | பிட்சுவர்
பிரேக்ல ரிம்முக்குள்ள டயர் வழுக்கிச் சுத்தியிருக்கு. மாட்டும்போது தடவின சோப்பு காயறதுக்கு முன்னாடியே டிராக்குக்குப் போயிருக்கும், இல்ல தடவினது ஜாஸ்தி. இப்ப இருக்கிற நிலையிலயே மறுபடி பேலன்ஸ் பண்ணி, புதுக் கோடு போடுங்க. அடுத்த தடவையும் நகர்ந்தா கழட்டி, ரிம்ல உட்கார்ற டயர் விளிம்பைத் (பீட்) துடைச்சு, சோப்பைக் கம்மியாத் தடவி மாட்டி, ஒரு நாள் காயவிட்டு ஓட்டுங்க. ஒட்டுற ஈயக் கட்டி மேல அலுமினிய டேப் போட்டு விடுங்க, பிரேக் சூட்டுல பசை இளகும்.